தேசிக்காய்

மச்சானிடம் இரவல் கேட்ட மாருதியில்
ஏறியதும் கோகிலவாணி
கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.
"வளைவுக்கு" என்றாள்.
லிந்துலையில் பிறந்தவள்.
கல்யாணமாகி நாற்பத்தொரு நாள்.
"எந்த வளைவுக்கு?" என்றேன்.

கோப்பாயில் புகையிலை, நீர்வேலியில் வாழை.
சிவப்பு மண்ணுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவர்
நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தார்.
வல்லை வெளியில்
தெரு ஒரு அடிமட்டம் மாதிரிக் கிடந்தது.
இரண்டு பக்கமும் வெட்டை, உப்புத் தண்ணீர்,
ஒற்றைக் காலில் நாரைகள்.
அவள் காதைப் பொத்திப் பொத்தித் திறந்தாள்.
"அடைக்கவே இல்லீங்க" என்றாள்
ஏமாந்தவள் போல.

"மலையே கிடையாதா உங்களுக்கு?"
"கீரிமலை இருக்கு."
"எவ்வளவு உயரம்?"
"அது கேணி. இறங்கித்தான் குளிக்கவேணும்."

நெல்லியடிச் சந்தி வரைக்கும் சிரித்தாள்.
சந்தியில் ஒரு லொறி குறுக்கே நின்று
கோவா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது.
"எங்க ஊருக் கோவா! இலையப் பார்த்தாத் தெரியாதா?"
எங்கடையாகவும் இருக்கலாம்.
நான் சொல்லவில்லை.

பருத்தித்துறையில் பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்து
"டஸ்ட்டு" என்று தீர்ப்பளித்தாள்.
வடையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்:
"இதையுந் தட்டையாத்தான் சுடுவீங்களா?"
கடைக்காரர் பதில் சொல்லாமல்
இன்னும் நாலு வடை கொண்டுவந்து வைத்தார்.

குடத்தனையில் கடற்பக்கம் திருப்பினேன்.
சவுக்கங்காடு.
நட்டவர்கள் கயிறு பிடித்துத்தான் நட்டிருப்பார்கள்,
காற்று வரிசையைக் குழப்பிவிட்டது.
அதற்கப்பால் மணல்,
மணலுக்கு மேல் மணல்.
"மலை" என்றேன்
கார் புதைந்துகொண்டிருந்தபோது.

பிறந்ததிலிருந்து நாலாம் கியரில் ஓடினவன் நான்.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள்,
விழுந்து கிடந்த சவுக்கங் கொப்புகளைப் பொறுக்கிச்
சில்லுக்கடியில் செருகினாள்.
"மொத கியர். அமுக்காதீங்க.
மெதுவா... மெதுவா... விடுங்க."
தோட்டத்து லொறிகளுக்குச் சொல்லிப் பழகிய குரல்.

நான் நேரே ஏறினேன், முழங்கால் வரை சறுக்கினேன்.
அவள் குறுக்கே குறுக்கே, முன்னால் குனிந்து,
முதுகில் கூடை இருப்பதுபோல.
கொழுந்தே பறித்ததில்லை என்பாள்.
கால் வேறு சொல்லிற்று.

உச்சியில் கடல்.
கீழே பாதி மூடுண்ட பழைய மாதா கோயில்,
ஜன்னல் வளைவுக்குள் மணல் தேங்கி நின்றது.
"இந்த மணல் நடக்கும்" என்றேன் பெருமையாக.
"வருஷத்துக்குக் கொஞ்சம்.
அப்பிடித்தான் சுவரைத் தின்டது."

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை.
தேசிக்காயைக் கைக்குக் கை மாற்றினாள்.

"எங்கதும் நடந்துச்சு.
ஒரே ராத்திரி.
சித்தி வீட்டு லயம். எட்டுக் காம்பரா.
காலையில போய் நின்னா
அங்க தேயிலை நிக்குது,
நட்டு வச்ச மாதிரி."

சவுக்கு இரைந்துகொண்டிருந்தது.
நான் காலுக்குக் கீழே பார்த்தேன்.
மணல் விரல்களுக்கிடையால்
போய்க்கொண்டுதான் இருந்தது.

மருதங்கேணியில் சூடை பொரித்துத் தந்த பெண்
"தேசிக்காய் முடிஞ்சுது பிள்ளை" என்றாள்.
வாணி தன்னுடையதை நீட்டினாள்.
பாதியை மீனுக்குப் பிழிந்து
மறுபாதியை வடை சுற்றிய தாளில் மடித்தாள்.

பிறகு சோரன்பற்று, பளை,
தென்னை, தென்னை,
கொடிகாமத்தில் கடைகள் சாத்துகிற நேரம்.
முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு
இருவரும் பேசாமல் வந்தோம்.

சாவகச்சேரி தாண்டி
தெரு கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக வளைந்தது.
தேவைக்கு மேலாகவே ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

அவள் தோள் என் தோளில் வந்து இடித்தது.
இருட்டில் தாள் பிரிகிற சத்தம்.
பிறகு கார் முழுக்க
தேசிக்காய் மணம்.